கருமருதுக்குச் சிவப்பு வளையம்

சிவப்பு பெயிண்ட் அடிக்கலாம் என்பது பஞ்சுவின் சொந்த மூளையில் உதித்த யோசனை. அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது என்பதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம்.

தானேவுக்கு அப்பால், மலைக்காட்டில், பன்னிரண்டு கருமருது மரங்களை அவன் ஒரு வருஷமாக அளந்து வந்தான். காட்டு மரங்கள் மாதுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கும் மாமிகள் மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிட்டே போய் ஆளை மாற்றிக் கூப்பிட்ட பிறகுதான் தப்பு தெரியும். மழைக்காலத்தில் இரண்டு தடவை வேறு ஏதோ மரத்தை மரியாதையாக அளந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறான். அதனால் ஏப்ரலில், தாதரில் சிவப்பிலும் வெள்ளையிலும் ஒவ்வொரு டப்பா பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு போய், பன்னிரண்டு மரங்களுக்கும் மார்பு உயரத்தில் பட்டையாக ஒரு சிவப்பு வளையம் போட்டான். வளையத்தின் மேல் வெள்ளையில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை நம்பர். தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே அவன் மேல் மதிப்பு வந்தது. இனி கண்ணை மூடிக்கொண்டு வந்தால்கூட மரத்தைத் தவற விட முடியாது.

தவற விடவில்லைதான். மற்றவர்களும்கூட.

மே மாதம் அளவெடுக்கப் போனபோது வளையங்களைக் காணவில்லை. மரங்களையும் காணவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பன்னிரண்டு அடிக்கட்டைகள் மட்டும் வெயிலில் பிளந்து காய்ந்துகொண்டிருந்தன. சுற்றியிருந்த மற்ற மரங்களில் ஒரு கிளைகூட ஒடியவில்லை. இவ்வளவு ஒழுங்காக வெட்டிய காட்டைப் பஞ்சு அதற்கு முன் பார்த்ததில்லை.

காட்டிலாகா ரேஞ்சர், மராட்டிக்காரர், வயசானவர், விளக்கம் சொன்னார். அந்த ரேஞ்சில் சிவப்பு வளையம் என்றால் வெட்டு. வெட்டக்கூடாத மரத்துக்கு வெள்ளை வளையம். கூப்பை, அதாவது வெட்டுக்கு விடும் காட்டுப் பகுதியை, ஏலம் எடுத்த கான்ட்ராக்டரின் ஆட்கள் சிவப்பைப் பார்த்தார்கள், வெட்டினார்கள்.

"டாக்டர் சாகேப், இந்தச் சிவப்பை யார் அடித்தது?"

பஞ்சு குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். அதில் ஒரு சொட்டுச் சிவப்பு பெயிண்ட் காய்ந்துபோயிருந்தது. ரேஞ்சரும் பார்த்தார்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் ஒருவர் மேல்தான் குற்றம். ஆனால் வெட்டுகிற மரத்துக்கு வளையம் மட்டும் போதாதாம். அடியில் சர்க்கார் சுத்தியல் முத்திரையும் இருக்க வேண்டுமாம். கான்ட்ராக்டரின் ஆட்கள் யாரும் குனிந்து பார்க்கவில்லை. லாரியைக் காட்டு கேட்டில் வழியனுப்பிய ரேஞ்சரும் பார்க்கவில்லை. ஆக, அனுமதியில்லாமல் பெயிண்ட் அடித்தவன் ஒருவன், முத்திரையில்லாமல் வெட்டியவர் ஒருவர், பார்க்காமல் அனுப்பியவர் ஒருவர். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு நல்ல மரியாதையாகப் பேச வேண்டிய நிலைமை.

"வெட்டும்போது உள்ளிருந்து தண்ணீர் வந்ததா?" என்று பஞ்சு கேட்டான்.

ரேஞ்சர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "தண்ணீர் வந்தால் உங்களுக்கு நல்லதா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் வந்தது" என்று சொல்லிவிட்டு, கான்ட்ராக்டரின் தாராவி விலாசத்தைக் கொடுத்து அவனை அனுப்பிவைத்தார்.

அந்தக் கேள்வியில்தான் பஞ்சுவின் பிழைப்பே இருந்தது. கருமருதுக்கு முதலைத்தோல் மாதிரி பட்டை. காடே காய்ந்து கிடக்கிற நாளில், ஒரு சொட்டு மழை விழுவதற்கு முன்பே, அது பாட்டுக்குத் துளிர்விடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைக்காலத்திலேயே அடிமரத்துக்குள் சேர்த்துவைத்துக்கொள்கிறது என்பது பஞ்சுவின் கட்சி. டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவனுக்கு ஃபெலோஷிப் கொடுத்திருந்தார்கள். மழை விட்டதும் அக்கா ருக்குவின் சமையலறையிலிருந்து டால்டா டின்களை எடுத்து வந்து, நீளநீளத் துண்டுகளாக வெட்டி, ஸ்பிரிங் கோத்து ஒவ்வொரு மரத்துக்கும் ஒட்டியாணம் மாதிரி மாட்டியிருந்தான்; தூரத்திலிருந்து பார்த்தால் அது தெரியாது என்பதால்தான் பெயிண்டுக்கே போனான். மரம் பருத்தால் ஸ்பிரிங் இழுபடும். எவ்வளவு என்று தகரத்தில் கீறிய கோட்டில் தெரியும். மார்ச்சில், மழையே இல்லாத காலத்தில், பன்னிரண்டு மரங்களின் சராசரி அழகாக ஏறியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் அவ்வளவு அழகாக இல்லை. அதனால் பஞ்சு தனித்தனியாக அதிகம் பார்ப்பதில்லை.

உள்ளே தண்ணீர் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு மரத்தையாவது வெட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அனுமதி கேட்டு மூன்று விண்ணப்பம் போட்டான். மூன்றும் திரும்பி வந்தன. இப்போது பன்னிரண்டும் விண்ணப்பமே இல்லாமல் விழுந்துவிட்டன, அவன் இல்லாத நாளாகப் பார்த்து.

"ஜூன் கடைசியில் ஃபெலோஷிப் கமிட்டி கூடுகிறது" என்றார் பஞ்சுவின் பேராசிரியர். "வெட்டும்போது தண்ணீர் இருந்தது என்று நம்பகமான தகவல் கிடைத்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள்."

"கிடைக்காவிட்டால், சார்?"

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பதில் சொல்லி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

மாதுங்காவில் ருக்கு இன்னும் சுருக்கமாகப் பேசினாள்.

"மரத்தை வெட்டினது நீயாடா?"

"வெட்டினது நான் இல்லேக்கா. வெட்டச் சொன்னதுதான் நான். தெரியாம."

"மூணு டால்டா டின்னு போச்சு. துவரம்பருப்பைக் கொட்டி வெக்க இடமில்லாம பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன். மரமாவது மிஞ்சினதா?"

"இல்லே."

"அத்திம்பேர் செம்பூர்ல ஒரு உரக் கம்பெனியில சொல்லி வெச்சிருக்கார். ஊர் ஊராப் போய் உரம் விக்கற வேலை. அதுவும் செடி கொடி சமாசாரம்தானே? படிச்சது வீணாப் போகாது பார்."

பஞ்சுவுக்கு முப்பத்தொரு வயது. டாக்டர் பஞ்சாபகேசன், யூரியா மூட்டையின் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் காட்சி அவன் மனத்தில் ஓடியது. அந்தக் காட்சியில் அவன் கொஞ்சம் பருமனாகவும் சந்தோஷமாகவும் இருந்ததுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாளே தாராவிக்குப் போனான். தோல் பதனிடும் ஷெட்டுகளைத் தாண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனால் மரியாதையாக இருக்காதே என்று வாயால் மூச்சு விட்டபடி விசாரித்துப் போனதில், கான்ட்ராக்டர் கரீம் பாட்சாவின் விறகு டிப்போ கிடைத்தது. முன்னால் டிப்போ, பின்னால் வீடு, நடுவில் பச்சைத் திரை. கரீம் பாட்சா தென்காசிப் பக்கத்துக்காரர். பஞ்சுவின் டெரிலின் சட்டையையும் தோல்பையையும் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"வாங்க சார், வாங்க. காசிம், சாருக்கு நாற்காலி போடு. நல்ல நாற்காலியாப் போடு."

"நான் ஆபீசரெல்லாம் இல்லே" என்றான் பஞ்சு.

"எல்லா ஆபீசரும் மொதல்ல அப்படித்தான் சார் சொல்லுவாங்க. டீ சாப்பிடுங்க."

"உங்க கூப்புல வெட்டின கருமருது பத்திக் கேக்க வந்தேன். சிவப்பு வளையம் போட்டது."

"நம்மகிட்டே கருமருதே கெடையாதே."

அவர் முதுகுக்குப் பின்னாலேயே கருமருது அடுக்கி வைத்திருந்தது. முதலைத்தோல் பட்டையைப் பஞ்சு தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். சிவப்பு வளையம் மட்டும் எதிலும் இல்லை.

"அப்போ அது என்ன?"

கரீம் பாட்சா திரும்பிப் பார்த்தார். "அதா? தேக்கு."

"தேக்கா?"

"வேண்டாம்னா வேற பேரு சொல்றேன் சார். நீங்க சொல்றதுதான்."

முதல் நாள் டீயோடு முடிந்தது. இரண்டாம் தடவை போனபோது, உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஞ்சு நினைத்தான். பெயிண்ட் அடித்தது நான்தான், தப்பு என்னுடையது, யார் மேலும் புகார் கொடுக்கப் போவதில்லை, ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்றான். கரீம் பாட்சாவின் முகம் இன்னும் வெளிறிப் போனது. கணக்குப்பிள்ளையும் லாரிக்கு மேஸ்திரியும் ஆன காசிம் அவர் காதோடு குனிந்தான். ஆனால் பஞ்சுவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"மாமா, படா லஃபடா, பெரிய வம்பு. அடிச்ச ஆளே வந்து நான்தான் அடிச்சேங்கான். இப்படி ஒருத்தன் உலகத்துல உண்டுமா? என்னமோ பொறி வைக்கான்."

"வெட்டும்போது உள்ளே தண்ணி இருந்துதா?" என்றான் பஞ்சு.

"இருக்கணுமா, இருக்கப்படாதா? அத மட்டும் சொல்லுங்க சார்" என்றார் கரீம் பாட்சா.

"இருந்துதா இல்லையான்னு சொன்னாப் போறும்."

"இருந்துச்சு."

"எவ்வளவு?"

"எவ்வளவு வேணும்?"

"ஆளு குளிக்கலாம் சார்" என்று காசிம் எடுத்துக் கொடுத்தான்.

பஞ்சுவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அவன் இரண்டு வருஷ ஃபெலோஷிப்பையும் கமிட்டியின் கைதட்டலையும் கண்ணால் பார்த்துவிட்டான். 'நேரில் கண்டவர் கூற்று' என்று அறிக்கையில் ஒரு வரி எழுதக் கை துறுதுறுத்தது. அவன் மலர்ந்ததைக் கண்டு காசிமுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர் இருந்தால் உயிருள்ள மரம். உயிருள்ள மரத்தை முத்திரை இல்லாமல் வெட்டினால் கேஸ் அல்லவா?

"ஆனா ஒண்ணு சார்" என்றான் அவசரமாக. "அம்புட்டும் பட்டுப்போன மரம். ஒரு சொட்டு கெடையாது. தொட்டாப் பொடியுது."

"இப்பத்தானே ஆள் குளிக்கலாம்னீங்க?"

"அது மழையில சார்."

"மே மாசத்துலயா?"

"டீ சாப்பிடுங்க சார்" என்றார் கரீம் பாட்சா.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஞ்சுவுக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம். அவர்கள் பயத்தில் பொய் சொல்கிறார்கள். பயத்தை டப்பாவில் வாங்கிப் பிரஷால் அடித்தவன் அவன்தான். ரேஞ்சராகட்டும், கரீம் பாட்சாவாகட்டும், பேராசிரியராகட்டும், எல்லாருமே அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அவன் முகம்தான் எதையும் மறைக்கத் தெரியாத முகம். திரையைப் போட்டுக்கொண்டு கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் பிறந்தது. வானம் கறுத்துக் கறுத்துக் கலைந்தது. கமிட்டிக்கு அறிக்கை கொடுக்க வேண்டிய வாரத்தில் பஞ்சு மூன்றாம் தடவையாக டிப்போவுக்குப் போனான். கடைசியாக ஒருமுறை கேட்பது, இல்லையென்றால் நேரே செம்பூர் போய் உரக் கம்பெனியைப் பார்ப்பது என்று தீர்மானம். டிப்போவில் ஆள் இல்லை. கரீம் பாட்சா லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். காசிம் லாரியோடு எங்கோ போயிருந்தான். பஞ்சு அந்த நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பச்சைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கயிற்றால் அல்ல. நீளமான தகரப் பட்டையால். பட்டையின் நுனியில் ஒரு ஸ்பிரிங். தகரத்தில் பாதிப் பனைமரமும் மஞ்சள் பெயிண்டும் தெரிந்தன. ருக்குவின் டால்டா.

அவன் எழுந்து போய் அதைத் திருப்பிப் பார்த்தான். ஆணியால் அவனே கீறிய எட்டு என்ற எண் இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றினான். திரை விழுந்தது.

"யாரது? திரையில கை வைக்கது?"

உள்ளேயிருந்து பெண் குரல். பஞ்சு தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருடிய பிள்ளை மாதிரி நின்றான். "மன்னிக்கணும்மா. இது என்னோடது. எட்டாம் நம்பர்."

திரைக்குப் பின்னால் குரல் கிட்டே வந்தது.

"நம்பரு எழுதின ஆளு நீங்கதானா?"

"ஆமாம். பெயிண்ட் அடிச்சதும் நான்தான்."

"ஒரு மாசமா உங்களத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றபடி திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார் மெஹராஜ், கரீம் பாட்சாவின் மனைவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்ட கையிலேயே ஊதுகுழலும் இருந்தது. கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. "இந்தக் கண்ணப் பாருங்க தம்பி. நல்லாப் பாருங்க. நீங்க அடிச்ச செவப்புதான் இது."

"என்னாச்சும்மா?"

"என்னத்தச் சொல்ல? முத்திரையில்லாத மரம், டிப்போவுல கெடந்தா யாராவது பாத்திருவாங்கன்னு பயந்து, அவுக அம்புட்டையும் ராவோட ராவா வீட்டுக் கொல்லையில கொண்டாந்து போட்டாக. சீக்கிரம் எரிச்சுத் தீத்துருன்னாக. பச்ச மரம் தம்பி! வேலையாளுகளையும் சேத்துப் பதினாலு பேருக்குச் சோறாக்குற வீடு. நோம்புக் கஞ்சி காய்ச்சுற அண்டாவ வச்சாலும் கொதிக்க மாட்டேங்கு. பொகையில அடுத்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்துட்டா."

பன்னிரண்டு மரங்களும் இந்த அடுப்படியில் கிடந்திருக்கின்றன. இந்த அம்மாளிடம் கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவார். இவர் அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற ஜாதி இல்லை. அவர் முகத்தைத்தான் அவன் பார்க்க வேண்டியிருக்கிறது. இத்தனை நாள் நேரான பதிலுக்கு அலைந்தவனுக்கு, அது எதிரே வந்து நின்றதும், டீ சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம் போல இருந்தது.

கேட்டான். "அம்மா, அதைப் பொளக்கறச்சே உள்ளே தண்ணி இருந்துதா?"

"எந்தக் கட்டையில?"

இதை இதுவரை யாரும் அவனிடம் திருப்பிக் கேட்டதில்லை.

"ஒவ்வொண்ணா உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நம்பரு போட்டுல்லா அனுப்பியிருக்கீங்க? எங்க வீட்டுக்கு வந்த வெறகுலயே பேரு விலாசத்தோட வந்தது இது ஒண்ணுதான். எது எரியும், எது எரியாதுன்னு நம்பரப் பாத்துத்தான் அடுப்புல வச்சேன். மூணு, எட்டு, பதினொண்ணு. இந்த மூணுலயும் கோடாலி எறங்கின ஒடன கொழாயத் தொறந்தாப்புல கொட்டிச்சு. எட்டாம் நம்பருல ஒரு அண்டா நெறயப் புடிச்சு முத்தத்தக் கழுவிவிட்டேன்."

இருந்தது. தண்ணீர் இருந்தது. அண்டா நிறைய.

"மத்தது?"

"மத்ததா? அது எல்லாப் பச்ச மரமும் மாதிரிதான். மொதல்ல சீறும், பொகையும், பொறவு எரிஞ்சிரும். உள்ள ஒண்ணும் கெடையாது."

மூன்று, எட்டு, பதினொன்று. அந்த எண்கள் பஞ்சுவுக்குப் புதிதல்ல. மார்ச்சில் ஸ்பிரிங் நன்றாக இழுபட்டிருந்தவை அவைதான். மற்ற ஒன்பதும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த மூன்றின் தண்ணீரைத்தான் சராசரி என்ற பெயரில் பன்னிரண்டுக்கும் பங்கு போட்டு, கருமருது என்றால் தொட்டி என்று அவன் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தான். கமிட்டிக்கு வேண்டியது பன்னிரண்டு. கையில் இருப்பது மூன்று. டிப்போ வாசலுக்கு வெளியே செம்பூர் பஸ் ஒன்று இரைச்சலோடு போனது.

"ஒருவேளை ஒரு ஆறுல இருந்திருக்குமோ?" என்றான். கேட்கும்போதே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "பொகையில நீங்க கவனிக்காம..."

அப்போதுதான் கரீம் பாட்சா தொப்பியோடு உள்ளே நுழைந்தார். பஞ்சு, மனைவி, அவிழ்ந்து தொங்கும் திரை, அவன் கையில் இருந்த தகரம் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டு, கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஆறா? ஆறுதான் சார்! வேணும்னா ஏழாவே வச்சுக்கிடலாம்!"

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றார் மெஹராஜ். "அடுப்புல ஊதினது நீங்களா, நானா?"

கரீம் பாட்சா, தம் மரணசாசனத்தைப் பிறர் வாசிக்கக் கேட்பவர் மாதிரி அந்த நல்ல நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"மூணுதான் தம்பி" என்றார் மெஹராஜ். "நாலு இல்ல, ஆறு இல்ல. மூணுல இருந்துச்சு, ஒம்பதுல இல்ல."

பஞ்சு பேனாவை எடுத்தான். எழுதக் காகிதம் தேடாமல், தகரப் பட்டையின் பின்பக்கத்திலேயே 3, 8, 11 என்று எழுதப் பார்த்தான், மை ஒட்டவில்லை. அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை மூடினான். மூன்று என்றே எழுதுவது என்று முடிவாகிவிட்டது. முடிவானதும் வேறொரு கேள்வி குறுகுறுத்தது. ஒரே காடு, ஒரே சரிவு, ஒரே மழை, ஒரே வயசு மரங்கள்.

"ஏம்மா, அந்த மூணுல மட்டும் ஏன் இருந்துது?"

கரீம் பாட்சா வாயைத் திறந்தார். அவரிடம் அதற்கு நாலைந்து பதிலாவது தயாராக இருக்கும். மனைவி ஊதுகுழலை அவர் பக்கமாக லேசாக அசைத்ததும் மூடிக்கொண்டார்.

மெஹராஜ் கொஞ்சம் யோசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் யோசித்தார்.

"அது எனக்குத் தெரியாது, தம்பி" என்றார்.